பிக்கப் வண்டியின் கியர்பாக்ஸ் சீக்கிரமே போய்விட்டால்: பிரித்து வேலை பார்ப்பதா, பெட்டியை மாற்றுவதா, வண்டியை விற்பதா?

கடலூர், புதுச்சேரி பக்கம் பிக்கப் வண்டி வைத்துப் பிழைப்பவர்களை அதிகம் குழப்பும் செலவு கியர்பாக்ஸ் செலவுதான். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பட்டறையில், "பெட்டியை இறக்கிப் பிரிச்சுப் பார்த்துடலாம்ண்ணா" என்பார்கள். கம்பெனி சர்வீஸில், "அசெம்பிளியே மாத்தணும் சார்" என்று, அதாவது முழுப் பெட்டியையும் புதிதாகப் போட, ஒரு தொகையைச் சொல்வார்கள். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரர், "சென்னை புதுப்பேட்டைக்குப் போங்க, பழைய பெட்டி நல்லதாகவே கிடைக்கும்" என்பார். வீட்டில், வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்வார்கள். இந்த நான்கும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான யோசனைதான். உங்கள் வண்டிக்கு எது சரி என்பது, பெட்டி ஏன் போனது என்பதைப் பொறுத்தது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போடும் பணம் எந்த வழியில் போட்டாலும் வீண். பழைய காரணம் புதுப் பெட்டியையும் தின்றுவிடும்.

ஆயில் பார்த்து, அளவான லோடில் ஓட்டிய கியர்பாக்ஸ் சில லட்சம் கிலோமீட்டர் உழைக்கும். 60,000, 80,000இலேயே அலற ஆரம்பித்தால் அது வயதால் வந்த தேய்மானம் இல்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது. டியூ இன்னும் முடியாத வண்டியில் இது நடக்கும்போது அவசரத்தில் முடிவெடுக்கத் தோன்றும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துச் செய்வது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருந்தால் வெளியே கைவைக்கவே கூடாது. வாரண்டி முடிந்த வண்டிக்கு, ஹவுசிங் (பெட்டியின் வெளிக்கூடு) உடையாமல் இருக்கும்வரை, நம்பிக்கையான பட்டறையில் கண் முன்னால் பிரித்து முழு வேலை பார்ப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. செகண்ட் ஹேண்ட் பெட்டியை நான் கடைசியில்தான் வைப்பேன்.

முதலில், போனது கியர்பாக்ஸ்தானா?

கியர்பாக்ஸ் சத்தம் என்று வரும் வண்டிகளில் சிலவற்றுக்குக் கோளாறு பெட்டிக்கு வெளியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க கருவி எதுவும் வேண்டாம், காது போதும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதிக்காமல் இருக்கும்போது கொர்ரென்று ஒரு சத்தம், மிதித்தால் அடங்கிவிடுகிறது என்றால், பெட்டிக்குள் டாப் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) பேரிங்கோ, கவுன்ட்டர் ஷாஃப்ட் (அதோடு கியர் வழியாகச் சுற்றும் துணைத் தண்டு) பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதற்கும் பெட்டியை இறக்க வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டியதில்லை. செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது ஓட்டிப் பார்க்க வேண்டியது. பின் சக்கரம் இழுக்கும் ஐந்து கியர் பிக்கப்புகள் பலவற்றில் நான்காவது கியர் நேரடி கியர். அதாவது இன்ஜினிலிருந்து வரும் டாப் ஷாஃப்ட்டும், பின்னால் போகும் மெயின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். கவுன்ட்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர, அதன்மேல் பாரம் விழாது. ஆகவே மற்ற கியர்களில் கத்தும் வண்டி நான்காவதில் மட்டும் அமைதியாகிவிட்டால், கோளாறு கவுன்ட்டர் ஷாஃப்ட் பேரிங்குகளில் இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா கியரிலும் ஒரே மாதிரி சத்தம், ஆளில்லாத நேரான சாலையில் நியூட்ரலில் கொஞ்ச தூரம் உருளவிட்டாலும் அதே சத்தம், வேகம் குறையக் குறையச் சத்தமும் குறைகிறது என்றால், பெட்டியை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (பெட்டியிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு) சென்டர் பேரிங், அதன் மூட்டான யு.ஜே. கிராஸ், பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் கியர், வீல் பேரிங் என்று வரிசையாக ஆட்கள் இருக்கிறார்கள்.

கியர் விழ மறுப்பது தனிக் கதை. இன்ஜின் ஓடும்போது எந்த கியரும் நறநறவென்று விழுகிறது, அணைத்துவிட்டுப் போட்டால் அலுங்காமல் விழுகிறது என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று பொருள். கிளட்சின் பிளேட், சிலிண்டர், கேபிள் பக்கம் பார்க்க வேண்டும். மூன்றாவதில் மட்டும் நறநற என்றால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் (கியர் விழுமுன் வேகத்தைச் சமமாக்கும் பித்தளை வளையம்) தேய்ந்திருக்கிறது. போட்ட கியர் தானாக வெளியே வந்துவிட்டால் கியரைப் பூட்டும் ஸ்லீவ், அதை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க், பேரிங் லூஸ் என்று பல காரணம் இருக்கலாம். பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் இதே மாதிரி நடக்கும், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவது மேல்.

அப்புறம் ஆயில். இதுதான் மிக முக்கியம், பலரும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏற்றுகிறான். அவன் வண்டி கத்த ஆரம்பித்தபோது நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். வண்டி சூடாக இருக்கும்போதே மெக்கானிக் கீழே ஒரு சுத்தமான எவர்சில்வர் தட்டை வைத்து, டிரெயின் நட்டைக் கழற்றினார். முதலில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தனியாக விழுந்தது. அதன் பின்னால் வந்த ஆயில், பால் அதிகம் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. நட்டின் நுனியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பொடி பசைபோல் ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்தார். பொடிக்குள் கடுகு அளவில் இரண்டு இரும்புச் செதில்கள். "பொடி எல்லா வண்டியிலயும் வரும்ண்ணா, செதில் வரக் கூடாது" என்றார். தட்டைச் சாய்த்து வெயிலில் காட்டியபோது ஆயிலில் பொன் நிறத்தில் மினுமினுப்பு எதுவும் இல்லை. பித்தளை மினுமினுத்தால் சிங்க்ரோ ரிங்குகள் தேய்கின்றன என்று அர்த்தம். ஆக, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிட்டது: உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் உரிகிறது, சிங்க்ரோ நன்றாக இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஆயில் விலை மட்டும்தான். ஆயில் இறக்கிப் பார்க்காமலே "பெட்டி போச்சு" என்று விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஏன் போகிறது: நம் பக்கத்துக் காரணங்கள்

பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கியர்பாக்ஸின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கிறது. ஓடும்போது பெட்டி சூடாகி உள்ளே காற்று விரியும், அது இந்த வழியாக வெளியேறும். அப்படிச் சூடான பெட்டி திடீரென்று வெள்ளத் தண்ணீரில் முங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அதே வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பழைய ஆயில் சீல் வழியாகவும் ஏறும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. அந்த வாரம் முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டியவர்கள் இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதி அடைந்திருப்பார்கள். கியர்பாக்ஸ் ஆயிலையும் கிரவுன் ஆயிலையும் எத்தனை பேர் இறக்கிப் பார்த்திருப்பார்கள்? தண்ணீர் போன பெட்டி உடனே கத்தாது. பேரிங்கில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழும், அந்த இடம் மெதுவாகக் குழியாகி உரியும், சில மாதம் கழித்துத்தான் சத்தம் வரும். அதற்குள் மழையையே மறந்திருப்போம். இப்படிப் போன பெட்டிக்கு ஆயில் மாற்றினால் சத்தம் கொஞ்ச நாள் குறையும், குழி ஆறாது.

இரண்டாவது காரணம் லோடு. "இன்ஜின் இழுக்குது, பிறகென்ன" என்று நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது. இன்ஜின் தரும் இழுவைக்கு மேல் பெட்டிக்குள் எதுவும் போகாது. ஆனால் அதிக லோடில் வண்டி எந்நேரமும் முழு இழுவையில், கீழ் கியரிலேயே ஓடும், பெட்டி கொதிக்கும். பேரிங் கணக்கில் ஒரு விதி உண்டு: பாரம் இரண்டு மடங்கானால் பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகும். பாரம் கால் பங்கு கூடினாலே ஆயுள் பாதியாகிறது. இதோடு, மணலிலோ சேற்றிலோ சக்கரம் பதிந்த வண்டியை ஆக்சிலேட்டரை முறுக்கி கிளட்சைப் பட்டென்று விட்டு எடுக்கும்போது, சுற்றும் ஃப்ளைவீலின் வேகமும் சேர்ந்து ஒரு நொடிக்கு இன்ஜின் இழுவையைவிட அதிகமான அடி பல்லில் விழும். மீன் இறக்கும் இடங்களிலும் பண்ருட்டி பக்கம் பலாத் தோப்புகளிலும் தினம் பார்க்கும் காட்சி இது. லோடுக்கு அபராதமும் லேசானதில்லை: 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

மூன்றாவது ஆயில் கோளாறு. சீல் கசிந்து அளவு குறைவது ஒன்று. பல பெட்டிகளில் ஐந்தாவது கியர் பின் ஓரத்தில் இருப்பதால் ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். தப்பான ஆயில் ஊற்றுவது இன்னொன்று. கிரவுனுக்கு ஊற்றும் ஜி.எல்.5 தர ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. அதிலுள்ள சில ரசாயனங்கள் சிங்க்ரோ ரிங்கின் பித்தளையை அரிக்கக்கூடும். ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். ஜி.எல்.4 கேட்கும் பெட்டிக்கு ஜி.எல்.4தான். வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை வாங்கி, நீங்களே பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

கடைசியாக, முன்பு கிளட்ச் மாற்றியவர் விட்ட குறை. பெட்டியையும் இன்ஜினையும் நேர்க்கோட்டில் நிறுத்தும் டவல் பின் இரண்டும் திரும்பப் பொருத்தப்பட்டதா, ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பைலட் பேரிங் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். கோடு விலகினால் டாப் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரம் போகும். கிளட்ச் மாற்றிய சில மாதத்தில் கியர்பாக்ஸ் போன வண்டிகளில் இதை முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வாரண்டி இருக்கும் வண்டி

வாரண்டி காலத்தில் வெளியே பெட்டியைப் பிரித்தால் உரிமை போய்விடும். கம்பெனி சர்வீஸுக்கே போங்கள், ஆனால் வாய்ப் பேச்சில் விட்டுவிடாதீர்கள். என்ன சத்தம், எந்த கியரில், எத்தனை கிலோமீட்டரில் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். "ஓவர்லோடு, அதனால வாரண்டி கிடையாது" என்று சொன்னால், எந்தப் பாகத்தில் என்ன சேதத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பிரிக்கும்போது அங்கேயே நின்று, கழற்றிய பாகங்களைப் படம் எடுங்கள்.

மறுத்தால் அதோடு முடிந்தது என்று திரும்பிவிட வேண்டாம். வாடகைக்கு ஓட்டும் வண்டி என்றால் நுகர்வோர் நீதிமன்றம் ஏற்காது என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படியில்லை. சொந்தமாக ஓட்டிப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய வண்டியை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. தானே ஓட்டுவதற்காக லாரி வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நாலைந்து வண்டி, சம்பளத்துக்கு டிரைவர்கள் என்று இருந்தால் இந்த வாதம் பலவீனமாகும். புகாரை இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஆகவே புதுச்சேரியில் வாங்கிய வண்டிக்குக் கடலூர்க்காரர் கடலூரிலேயே போகலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம். கட்டணம் சில நூறு ரூபாய்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தாலே சில விஷயங்கள் அசையும்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது. வெள்ளச் சேதம் முழு பாலிசியில் வரும். ஆனால் உள்ளே தண்ணீர் போனபின் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு வந்தால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒத்துக்கொள்வது கஷ்டம். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அன்றே தகவல் கொடுத்தால்தான் வழி உண்டு.

வாரண்டி முடிந்தபின் இருக்கும் வழிகள்

பிரித்து முழு வேலை பார்ப்பதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், இந்த ஒரு வழியில்தான் பெட்டி ஏன் போனது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. தம்பி வண்டியில் கவுன்ட்டர் ஷாஃப்ட்டின் முன் பேரிங்கைக் கழற்றி மெக்கானிக் என் கையில் கொடுத்தார். டீசலில் கழுவியிருந்தார். வெளி வளையத்தில் நகத்தை வைத்து மெல்ல இழுத்தால் ஒரு பக்கம் கண்ணாடியாக வழுக்கியது, மறு பக்கம் நகம் தட்டித் தட்டி நின்றது. அந்த இடம் மட்டும் பழுப்பாக, அரித்ததுபோல் இருந்தது. பற்கள் எல்லாம் சுத்தம். இதைப் பார்த்தபின் பெட்டியையே மாற்றச் சொன்ன யோசனைக்கு அர்த்தமில்லாமல் போனது. பேரிங் செட், சீல்கள், மூச்சுக்குழாயை உயரமாகத் தூக்கிக் கட்டுவது, இவ்வளவுதான் வேலை.

ஆனால் இந்த வழி முழுக்க முழுக்கப் பட்டறையைப் பொறுத்தது. சத்தம் போடும் ஒரு பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பேரிங் உரிந்தால் அந்தச் செதில் ஆயிலோடு சுற்றி மற்ற பேரிங்குகளிலும் போயிருக்கும். எல்லா பேரிங்குகளையும் மாற்ற வேண்டும். பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றுகிறார்களா, சுத்தியலால் அடிக்கிறார்களா என்று பாருங்கள். அடித்து ஏற்றிய பேரிங்கில் அன்றைக்கே தடம் விழுந்துவிடும். ஒரு கியரின் பல் போயிருந்தால், அதோடு கடிக்கும் ஜோடி கியரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புதுப் பல்லும் தேய்ந்த பல்லும் சேர்ந்தால் ஊளையிடும். சிங்க்ரோ ரிங்கை கியர்மேல் வைத்து அழுத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளக்கும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

சாமான் விஷயத்தில் போலி பேரிங் பெரிய தொல்லை. அட்டைப்பெட்டி அச்சு அசலாக இருக்கும். டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். பெரிய பேரிங் கம்பெனிகள் பெட்டியின் மேலுள்ள குறியீட்டைப் படம் பிடித்துச் சரிபார்க்க செல்போன் செயலி வைத்திருக்கின்றன, அதைப் பயன்படுத்துங்கள். புதுச்சேரியில் வாங்கினால் வரி குறைவு என்பது பழைய கணக்கு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதிரி பாகத்துக்கு வரி ஒன்றுதான். எங்கே ஒரிஜினல் உடனே கிடைக்கிறதோ அங்கே வாங்கலாம்.

எப்படியும் பெட்டி இறங்கியிருக்கிறது என்பதால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் நான்கையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அடுத்த வருடம் இதற்காகவே மறுபடி இறக்கினால் கூலி இரண்டு முறை.

எப்போது இந்த வழியை விடலாம்? ஹவுசிங் விரிசல் விட்டிருந்தாலோ, பேரிங் உட்காரும் குழி தேய்ந்து பேரிங்கே உள்ளே சுற்ற ஆரம்பித்திருந்தாலோ, மெயின் ஷாஃப்ட்டும் இரண்டு மூன்று கியரும் சேர்ந்து போயிருந்தாலோ விடலாம். தேய்ந்த குழிக்குள் லேத்தில் கடைந்த புஷ் (வளையம்) போட்டுச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். லோடு வண்டிக்கு அது நிற்கும் என்று நான் நம்பவில்லை. சாமான் பட்டியல், புதுப்பித்த எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் விலையில் முக்கால் பங்கைத் தொட்டாலும் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

எக்ஸ்சேஞ்ச் பெட்டி என்றால், பழையதைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே புதுப்பித்து வைத்திருக்கும் பெட்டியை வாங்கிப் பொருத்துவது. நாள் மிச்சம். தினமும் ஐஸ் போட்டு மீன் ஏற்ற வேண்டியவருக்கும், கம்பெனி ஒப்பந்தத்தில் ஓட்டுபவருக்கும் இது பெரிய விஷயம். ஒரு நாள் வரவில்லை என்றால் அந்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும், திரும்பி வராது. ஆனால் உள்ளே என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பது விற்பவருக்குத்தான் தெரியும். மாற்றிய பாகங்களின் பட்டியலும், எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதும் பில்லிலேயே இருக்க வேண்டும். உத்தரவாதத்தில் இறக்கி ஏற்றும் கூலி சேருமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் சண்டை வருவது அந்த இடத்தில்தான்.

கம்பெனியிலிருந்து புது அசெம்பிளி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லது, விலை அதிகம். மூன்று நான்கு வருடத்துக்குள் இருக்கும் வண்டி, ஹவுசிங்கும் உடைந்துவிட்டது, இன்னும் பல வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் பெட்டிதான் அதிகம் பேரை இழுப்பது. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத சாமான் இல்லை, விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய வண்டியிலிருந்து நல்ல பெட்டியும் வரும். சிக்கல் என்னவென்றால், வெள்ளத்தில் நின்ற வண்டியின் பெட்டியும், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்டியும் அதே மாதிரி கழுவித் துடைத்துத்தான் அடுக்கியிருக்கும். பெட்டி வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கியர் விகிதம் மாறலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளின் பெட்டியில் சென்சாரும் சுவிட்சும் மாறியிருக்கலாம். பொருத்தியபின்தான் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கடலூரிலிருந்து திருப்பித் தர யார் சென்னைக்குப் போவது? பத்து வருடம் தாண்டிய, வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கு) காட்ட வேண்டிய பழைய வண்டியை இன்னும் ஒன்றிரண்டு வருடம் உள்ளூர் லோடுக்கு ஓட்டினால் போதும் என்பவருக்கு இது பொருந்தும். அப்போதும் பில் இல்லாமல் வாங்கக் கூடாது. ஆர்.சி.யில் கியர்பாக்ஸ் எண் வராது, அதனால் மாற்றிப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது திருட்டு வண்டியின் பெட்டியாக இருந்தால் காப்பாற்றுவது அந்த பில் ஒன்றுதான். வாங்குமுன் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், டிரெயின் நட்டைக் கழற்றி உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள்.

விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் செகண்ட் ஹேண்ட்தான் ஜெயிக்கும். வண்டி ஓடாமல் நின்ற நாளையும் சேர்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, டீசல் போக தினம் 1,800 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்து வேலை பார்க்க 30,000, எட்டு நாள் என்றால் மொத்தம் 44,400. எக்ஸ்சேஞ்ச் பெட்டி 45,000, இரண்டு நாள் என்றால் 48,600. செகண்ட் ஹேண்ட் 20,000, மூன்று நாள் என்றால் 25,400. கேட்க நன்றாக இருக்கிறது. ஆறு மாதத்தில் அது இன்னொரு முறை போனால் 50,800, அதுவும் நடுவழியில் லோடோடு நின்ற செலவைச் சேர்க்காமல். இந்தத் தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக நான் போட்டவை. உங்கள் பட்டறை சொல்லும் தொகையையும் உங்கள் ஒரு நாள் வருமானத்தையும் வைத்துப் போட்டுப் பாருங்கள். இதே தொகைகளில் தினம் 2,500க்கு மேல் கையில் நிற்கும் வண்டிக்கு, பிரித்து வேலை பார்ப்பதைவிட எக்ஸ்சேஞ்ச் பெட்டியே மலிவாகிவிடும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடும் வண்டிக்குப் பிரித்து வேலை பார்ப்பதுதான், யோசிக்கவே வேண்டாம்.

விற்பது என்றால், கத்தும் பெட்டியோடு விற்காதீர்கள். வாங்குபவர் வேலைச் செலவைப்போல இரண்டு மடங்கை விலையில் குறைப்பார், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. வேலை பார்த்து, பில்லைக் காட்டி விற்பது மேல். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால் புது வண்டி ஆசை வருவது இயல்பு. பழைய டியூ முடிந்து, வண்டிக்கும் எட்டு வயது தாண்டி, கியர்பாக்ஸோடு இன்ஜினும் புகைகிறது என்றால் போகலாம். கியர்பாக்ஸ் ஒன்றுக்காக மட்டும் புதிதாக ஐந்து வருட டியூவில் மாட்டிக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

எந்த வழியில் பெட்டி திரும்ப ஏறினாலும் முதல் 1,000 கிலோமீட்டருக்கு அரை லோடில் ஓட்டுங்கள். அது முடிந்ததும் ஆயிலை இறக்கிக் காந்தத்தைப் பார்த்து, புது ஆயில் ஊற்றுங்கள். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது வரும் பொடி அதில் போய்விடும். செதில் இருந்தால் உத்தரவாதம் இருக்கும்போதே தெரிந்துவிடும். டிரைவர் கியர் கம்பியின்மேல் கையை ஊன்றி ஓட்டினால் சொல்லித் திருத்துங்கள். அந்தப் பாரம் நேராக செலக்டர் ஃபோர்க்கில் போய் உட்கார்ந்து அதைத் தேய்க்கிறது. மழைக்காலத்தில் சக்கரத்தின் நடுப்பகுதிவரை தண்ணீரில் இறங்க நேர்ந்தால், அந்த வாரமே கியர்பாக்ஸ், கிரவுன் இரண்டின் ஆயிலையும் பாருங்கள். ஆயில் மாற்றிய பில்களைத் தேதியும் கிலோமீட்டரும் எழுதிச் சேர்த்து வையுங்கள். உத்தரவாதம் கேட்டுப் போனால் பட்டறையில் முதலில் கேட்பது அதைத்தான்.